1,099 ரூபாய் ரவுட்டரை மாமா வாங்கலாமா?

ஆடியோவில் நான் திக்கின இடங்களையும், நடுவுல குரைச்ச பக்கத்து வீட்டு நாயையும் எடுத்துட்டோம். மத்தபடி பேசினது பேசின மாதிரியே இருக்கு.

போன மாசம் ஒரு மத்தியானம் மாமா போன் பண்ணார். எங்க அம்மாவோட தம்பி. கன்னிவாடியில எங்க வீட்டுல இருந்து ரெண்டு தெரு தள்ளி சின்னதா ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கார். ஜெராக்ஸ், கரண்ட் பில், சான்றிதழ் விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன், எல்லாம் அங்கதான். "மாப்ள, 3,999 ரூபா ரவுட்டர் 1,099-க்குப் போட்டிருக்கான். இன்னும் ரெண்டு மணி நேரந்தானாம். போட்டுரவா?"

"இருங்க மாமா, நான் வர்றேன், அது வரைக்கும் கையை வைக்காதீங்க"ன்னு சொல்லிட்டு லேப்டாப்பை மூடினேன். அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் ஒரு பையன் விண்ணப்பத்துக்குப் பணம் கட்டும்போது நடுவுல நெட் போயிருச்சு. பணம் அக்கவுண்ட்ல இருந்து போயிருச்சு, ரசீது வரல. மறுநாள் கடைசித் தேதி. ராத்திரி ஒன்பது மணி வரைக்கும் அந்தப் பையன் கடை வாசல்லயே உட்கார்ந்திருந்தான். கடைசியில ரசீது வந்துச்சு. ஆனா மாமா அந்த முகத்தை மறக்கல. அதனால எனக்கு இது விலை பத்தின கேள்வியா படல. நம்பி வைக்கலாமாங்கிறதுதான் கேள்வி.

முதல்ல அந்த 3,999-ஐ அடிச்சு வச்சிருக்கிற கோட்டை மறந்துருங்க. எம்ஆர்பி-ங்கிறது இதுக்கு மேல விக்கக்கூடாதுங்கிற எண். அந்த விலைக்கு யாராவது வாங்கினாங்கன்னு அர்த்தம் கிடையாது. பழைய விலையைக் காட்டுற தளங்கள் இருக்கு, அதுல பார்த்தா மாமா அனுப்பின மாடல் ஆறு மாசமா 1,200 ரூபா பக்கத்துலதான் கிடந்துச்சு. அப்போ உண்மையான தள்ளுபடி நூறு ரூபா சொச்சம். இதுக்குப் போய் ரெண்டு மணி நேரக் கெடு.

நிஜமாவே விலை இறங்குறதும் உண்டு. வைஃபை 6 ரவுட்டர்கள் வந்த பிறகு வைஃபை 5 ரவுட்டர்கள் மலிவாச்சு. அது நமக்கு நல்ல விஷயம், 100 எம்பிபிஎஸ் பிளான் வச்சிருக்கிற வீட்டுக்கு வைஃபை 5 தாராளம். ஆனா பழைய வெர்ஷனைத் தள்ளிவிடுறதுக்காகவும் விலையைக் குறைப்பாங்க. அங்கதான் கவனம் வேணும்.

ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தீங்கன்னா அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கும். மாடல் பேருக்குப் பக்கத்துல பொடி எழுத்துல வெர்ஷன் நம்பர் போட்டிருக்கும். ஒரே பேர், ஒரே டப்பா, ஒரே படம், உள்ள வேற சிப். இதுக்கு எல்லாரும் சொல்ற உதாரணம் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி. ஊதாவும் கறுப்புமா ரெண்டு ஆன்டெனாவோட இருக்குமே, அது. 2002 கடைசியில வந்துச்சு. உள்ள லினக்ஸ், 16 எம்பி ராம், 4 எம்பி ஃபிளாஷ். லினக்ஸ் இருந்ததால கம்பெனி சோர்ஸ் கோடை வெளியிட வேண்டி வந்து, அதுல இருந்துதான் ஓபன்டபிள்யூஆர்டி-ங்கிற திட்டமே பிறந்துச்சு. நல்லா ஓடின ரவுட்டர். 2005-ல வெர்ஷன் 5 வந்தப்ப ராமை 8 எம்பி, ஃபிளாஷை 2 எம்பின்னு பாதியாக்கிட்டாங்க. அந்த இடத்துக்குள்ள லினக்ஸ் கொள்ளாதுன்னு வேற ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம். வெளியில அதே பேர். பழையதைப் பத்தி நாலு பேர் சொன்ன நல்ல வார்த்தையை நம்பி வாங்கினவங்களுக்கு, கனெக்ஷன் நிறைய ஆனா தொங்குற ஒரு பொட்டி கிடைச்சுச்சு. பழைய உள்ளமைப்பு வேணும்னா கடைசியில "எல்" சேர்த்த 54ஜிஎல்-ங்கிற மாடலைத் தனியா வாங்கணும்.

ஆன்லைன் ரேட்டிங்கை நான் அரைமனசோட பார்க்கிறதுக்கும் இதுதான் காரணம். 4.2 ஸ்டார்னு இருக்கும், அதுல பாதி ரெண்டு வெர்ஷனுக்கு முந்தினதுக்குப் போட்டதா இருக்கலாம். அதோட, வாங்கின மூணாவது நாள் "சூப்பர் ஸ்பீடு"ன்னு எழுதினவர் ரிலையபிலிட்டியைப் பத்தி என்ன சொல்ல முடியும்? நான் சமீபத்திய விமர்சனங்களை வரிசைப்படுத்தி, "ஆறு மாசம் கழிச்சு", "ரீஸ்டார்ட்", "சூடு", "அடாப்டர்" இந்த வார்த்தைகளை மட்டும் தேடுவேன். அஞ்சு பேர் ஒரே குறையைச் சொன்னா அது குறைதான்.

வெர்ஷன் தெரிஞ்சதும் கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல அதே வெர்ஷனைத் தேர்ந்தெடுத்து, கடைசி ஃபர்ம்வேர் எந்தத் தேதியில வந்திருக்குன்னு பாருங்க. அஞ்சு நிமிஷ வேலை. ஒரு வருஷத்துக்குள்ள வந்திருந்தா இன்னும் யாரோ கவனிக்கிறாங்க. மூணு நாலு வருஷமா ஒண்ணுமே வரலைன்னா அந்த ரவுட்டர் அநாதை.

"நம்ம வீட்டு ரவுட்டரை எவன் ஹேக் பண்ணப் போறான்"னு மாமா கேட்டார். எல்லாரும் கேக்கறதுதான். 2017 ஜூலை கடைசியில நம்ம நாட்டுலயே நடந்துச்சு. பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடம்கள் கூட்டம் கூட்டமா செத்துப்போச்சு. வெளியில இருந்து தொடக்கூடிய வழி திறந்திருந்துச்சு, பாஸ்வேர்டும் கம்பெனி வச்சு அனுப்பின "அட்மின்". மாமாவையோ என்னையோ தேடி யாரும் வரல. ஒரு புரோகிராம் இணையத்துல வரிசையா கதவைத் தட்டிக்கிட்டே போச்சு, திறந்த கதவுக்குள்ள புகுந்துச்சு. பிரிக்கர்பாட்-ங்கிற மால்வேரை எழுதினதா சொல்லிக்கிட்ட ஒருத்தர், அது தன் வேலைதான்னு சொன்னார். பாஸ்வேர்டை மாத்துங்கன்னு பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கிச்சு. பூட்டுக்குப் பேர் போன மாவட்டத்துல இருந்துகிட்டு, ஊர்ல எல்லா வீட்டுக்கும் ஒரே சாவின்னா சும்மா இருப்போமா?

பழசு இன்னும் மோசம். 2025 மே மாசம் எஃப்பிஐ ஒரு எச்சரிக்கை விட்டுச்சு. இ1200, இ2500 மாதிரி சப்போர்ட் முடிஞ்ச பழைய லிங்க்சிஸ் ரவுட்டர்களுக்குள்ள புகுந்து, அந்த வீட்டு இணைய முகவரியை மத்தவங்களுக்கு வாடகைக்கு விடுறாங்கன்னு. உங்க ரவுட்டர் நல்லாத்தான் ஓடும், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. தப்பு வேலை மட்டும் உங்க அட்ரஸ்ல நடக்கும். பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29 முதல் ஒரு சட்டம்: எல்லாப் பொட்டிக்கும் ஒரே மாதிரி பாஸ்வேர்டு வைக்கக்கூடாது, எத்தனை நாள் வரைக்கும் அப்டேட் தருவோம்னு வாங்குறவருக்குச் சொல்லணும். நம்ம கடைகள்ல அப்படித் தேதி போட்ட அட்டைப் பெட்டியை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. அதனாலதான் அந்தச் சப்போர்ட் பக்கத்துக்கு நாமளே போகவேண்டியிருக்கு.

அட்டையில பெருசா போட்டிருக்கிற எண்ணைப் பத்திச் சுருக்கமா சொல்லிடறேன். ஏசி1200-ன்னா 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 300, 5 கிகாஹெர்ட்ஸ்ல 867, ரெண்டையும் கூட்டி முழுசாக்கினது. உங்க போன் ஒரு நேரத்துல ஒரு பக்கந்தான் பிடிக்கும். அதைவிட முக்கியம் பின்னாடி இருக்கிற போர்ட். டிபி-லிங்க்ல ஆர்ச்சர் சி50, சி6 ரெண்டுமே ஏசி1200 தான். சி50-ல போர்ட் 100 எம்பிபிஎஸ், சி6-ல கிகாபிட். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டிட்டு 100 போர்ட் ரவுட்டரை வச்சா, 95-ஐத் தாண்டாது. லைன்காரரைத் திட்டிப் பிரயோஜனம் இல்ல.

இப்போ என் சொந்தக் கதை. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் ஒரு ஆஃபர்ல ரவுட்டர் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். எங்க வீடு ஊர் ஓரம், பின்னாடி தோட்டம். சரியா மத்தியானம் மீட்டிங் நேரத்துல ரவுட்டர் செத்து செத்துப் பிழைக்கும். ஃபர்ம்வேரை மாத்தினேன், சேனலை மாத்தினேன், ரீசெட் பண்ணேன். இன்ஜினியரிங் படிச்ச திமிரு, எல்லாத்தையும் சாஃப்ட்வேர்லயே தேடினேன். அப்பாதான், "மோட்டார் ஓடும்போதுதான் போகுது, கவனிச்சியா?"ன்னு கேட்டார். சுத்துப்பட்டு பம்ப்செட் ஓட ஆரம்பிச்சா எங்க லைன்ல வோல்டேஜ் இறங்கும், லைட் மங்கும். நல்ல அடாப்டருக்கு அது பிரச்சினையே கிடையாது, 100-ல இருந்து 240 வோல்ட் வரைக்கும் தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கும். என்னோடது தாங்கல. மல்டிமீட்டர்ல சும்மா வச்சுப் பார்த்தா 12 வோல்ட் சரியா காட்டுது. ரவுட்டரைச் சொருகி நாலு பேர் வீடியோ பார்க்கும்போது அளந்தா பத்துக்குக் கீழ சரியுது. 12 வோல்ட், அதே ஆம்பியர், அதே பின், வேற நல்ல அடாப்டர் 300 ரூபாய்க்கு மாத்தினேன். அதோட நின்னுச்சு.

அதனால இப்ப நான் ரவுட்டரைவிட அடாப்டரைத்தான் முதல்ல கையில எடுத்துப் பார்ப்பேன். பிஐஎஸ் முத்திரையும், "ஆர்" எழுத்துல தொடங்குற எட்டு இலக்க எண்ணும் இருக்கணும். பிஐஎஸ் கேர் ஆப்ல அந்த எண்ணைப் போட்டா எந்தக் கம்பெனிக்குக் கொடுத்ததுன்னு வந்துரும்.

இன்னொரு எதிரி சூடு. வீட்டு ரவுட்டர்களோட விவரப் பட்டியல்ல வேலை செய்யும் வெப்பநிலை பெரும்பாலும் 0-ல இருந்து 40 டிகிரி வரைக்கும்னுதான் போட்டிருப்பாங்க. சித்திரை வெயில்ல ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழ அந்த 40 எந்த மூலைக்கு? உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் 10 டிகிரி குளிர்ச்சியா இருந்தா ஆயுசு ஏறக்குறைய ரெண்டு மடங்குன்னு ஒரு கணக்கு இருக்கு. மாமா கடையில ஃபைபர் பொட்டி எங்க இருந்துச்சு தெரியுமா? ஸ்டீல் பீரோ மேல, கூரைக்கு ஒரு அடி கீழ, மேல பழைய ரசீது புக் அடுக்கி. தொட்டா சுட்டுச்சு. முதல் வேலையா அதை இறக்கி மேசைக்குப் பக்கத்துச் சுவர்ல மாட்டினோம்.

மாமா அனுப்பின லிங்க்ல வெர்ஷன் நம்பரே இல்ல. படத்தைப் பெருசாக்கி ஸ்டிக்கரைப் படிச்சோம். அந்த வெர்ஷனுக்குக் கடைசி ஃபர்ம்வேர் வந்து நாலு வருஷம் ஆகப்போகுது. விக்கிறவர் போட்டிருந்தது "ரீப்ளேஸ்மெண்ட் மட்டும், 7 நாள்". வேண்டாம்னுட்டேன். மாமாவுக்கு மனசே இல்ல, கெடு முடியற வரைக்கும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டு இருந்தார். சனிக்கிழமை திண்டுக்கல் போய், கடையில பெட்டியைத் திருப்பி வெர்ஷனைப் பார்த்து, 1,650-க்கு ஒண்ணு வாங்கினோம். மூணு வருஷ வாரண்டி, ஜிஎஸ்டி பில். கூடவே 15 மீட்டர் கேட்6 கேபிள்.

வாங்கின முதல் வாரத்துலதான் சோதிக்கணும், மாத்த முடியற நாள் அதுதான். நான் பண்றது இது. எங்க நிரந்தரமா வைக்கப் போறோமோ அங்கேயே மாட்டி, கேபிள்ல ஒரு லேப்டாப்பைச் சொருகி, ராத்திரி முழுக்க ரெண்டு பிங் ஓடவிடுவேன். ஒண்ணு ரவுட்டரோட சொந்த முகவரிக்கு, இன்னொண்ணு வெளியில 8.8.8.8-க்கு. காலையில ரெண்டும் ஒண்ணா விட்டுப் போயிருந்தா சந்தேகம் ரவுட்டர் மேல. வெளியில போறது மட்டும் விட்டிருந்தா லைன் பிரச்சினை, புது ரவுட்டரைக் குறை சொல்லாதீங்க. ரவுட்டர் பக்கத்துல "அப்டைம்"னு ஒரு வரி இருந்தா அதையும் பாருங்க. நீங்க தூங்கின நேரத்தைவிடக் குறைவா இருந்தா நடுவுல செத்துப் பிழைச்சிருக்கு. மறுநாள் ஒரு மணி நேரம் மூணு நாலு போன்ல வீடியோ, ஒரு பெரிய டவுன்லோடு, எல்லாம் ஒண்ணா. அப்புறம் பத்துத் தடவை மெயினை அணைச்சுப் போடுங்க. நம்ம ஊர்ல கரண்ட் போய் வர்றது சகஜம். வந்ததும் யாரும் தொடாமலே நெட் வரணும்.

மாமா கடையில ரெண்டு பிங்கும் ஓடினப்ப இன்னொரு விஷயம் தெரிஞ்சுச்சு. பணம் கட்டுற கம்ப்யூட்டர் வைஃபையில இருந்துச்சு, நடுவுல ரெண்டு பீரோ. புது ரவுட்டர்லயும் அங்க மட்டும் பிங் அப்பப்ப விட்டுச்சு. அந்த 15 மீட்டர் கேபிளைச் சுவரோரமா இழுத்து அந்த ஒரு கம்ப்யூட்டருக்குச் சொருகினோம். வைஃபை இப்போ போனுக்கும், வெயிட்டிங்ல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கும்.

நேத்து அந்தப் பக்கம் போனப்ப அப்டைம் 19 நாள்னு காட்டுச்சு. டிஎன்பிஎஸ்சிக்கு ரெண்டு பேர் பணம் கட்டிட்டு ரசீதை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு இருந்தாங்க. மாமா என்னைப் பார்த்ததும், "மாப்ள, பிரிண்டர் ஒண்ணு பாதி விலைக்கு வருது"ன்னார்.