“அக்கா, பார்சல் இன்னும் வரேல்ல”: இணையத்தில் விற்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் வீட்டு முன்னறையில் இருந்து சேலை விற்பவர், மன்னாரிலிருந்து பனையோலைப் பொருட்களைக் கொழும்புக்கு அனுப்புபவர், கண்டியிலிருந்து ஈபே ஊடாக வெளிநாட்டுக்கு விற்பவர் என எல்லோருக்கும் ஒருநாள் இந்தச் செய்தி வந்து சேரும்: “பணம் போட்டு 8 நாளாச்சு. பார்சல் இன்னும் வரேல்ல.”

பெரிய கடைக்கு இது வாடிக்கையாளர் சேவைப் பிரிவின் ஒரு கோப்பு. தனியாளாகத் தொழில் செய்பவருக்கு அப்படியல்ல. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 6,500 ரூபாவுக்கு விற்கும் ஒரு சேலையில் 800 ரூபா இலாபம் என்றால், அதற்குப் போட்ட முதல் 5,700 ரூபா. பொருளும் தொலைந்து பணத்தையும் திருப்பிக் கொடுத்தால், இன்னும் 7 சேலைகள் விற்றாலும் அந்த நட்டம் முழுதாக அடைபடாது. மறுபக்கத்தில், பணத்தை முற்கூட்டியே வங்கியில் வைப்பிலிட்டுவிட்டுக் காத்திருப்பவருக்கும் அது சிறு தொகை அல்ல. “ஏமாற்றுக்காரர்” என்ற ஒரு பேஸ்புக் பதிவு, பல வருடங்களாகக் கட்டியெழுப்பிய பெயரை ஒரே இரவில் கெடுத்துவிடும்.

எனவே இந்த முறைப்பாட்டைக் கையாளும் விதம் வியாபாரத்தின் ஓர் அங்கம். அதற்கென ஒரு ஒழுங்குமுறை இருக்கிறது.

முதல் நாள்: வாதம் வேண்டாம், விபரம் எடுங்கள்

“வரவில்லை” என்ற ஒரு சொல்லுக்குள் பல நிலைமைகள் இருக்கலாம். பொதி இன்னும் வழியில் இருக்கலாம். விநியோகிப்பவர் அழைத்தபோது தொலைபேசி எடுக்கப்படாததால் கிளைக்கே திரும்பியிருக்கலாம். வீட்டிலுள்ள வேறொருவரோ அயலவரோ வாங்கி வைத்திருக்கலாம். வேறு முகவரிக்குப் போயிருக்கலாம். உண்மையிலேயே தொலைந்திருக்கலாம், இடையில் களவு போயிருக்கலாம். கடைசியாக, வாங்கியவர் பொய் சொல்லவும் கூடும். அந்தக் கடைசிச் சாத்தியத்தை முதலாவதாக எடுத்துக்கொண்டு பேசத் தொடங்குவதுதான் அநேகமான பிணக்குகளைப் பெரிதாக்குகிறது.

முதற்பதில் குறுகியதாகவும் திகதியுடனும் இருக்கட்டும். உதாரணமாக: “உங்கள் பார்சலை 4ஆம் திகதி கூரியரில் கொடுத்தேன், இலக்கம் இது. இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறேன். நாளை மாலை 5 மணிக்கு முன் பதில் தருவேன். வீட்டில் வேறு யாராவது வாங்கினார்களா என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.” இதில் மன்னிப்பும் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. நீங்கள் ஓடி ஒளியவில்லை என்பது மட்டும் தெரிகிறது. சொன்ன நேரத்துக்குத் தகவல் எதுவும் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்றாவது எழுதிவிட வேண்டும்.

தொலைபேசியில் பேசினால், பேசியதன் சாராம்சத்தை உடனே வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். பின்னர் யார் என்ன சொன்னார் என்ற கேள்வி வரும்போது அந்த எழுத்துத்தான் பேசும். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியல் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் கொடுக்கிறது. ஆகவே உரையாடலை அழிக்காமல் தொலைபேசியில் அப்படியே வைத்திருப்பது முக்கியம். வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷொட் மட்டும் போதும் என்று எண்ண வேண்டாம்.

‘விநியோகிக்கப்பட்டது’ என்பது எதை நிரூபிக்கிறது?

கூரியரின் இணையப் பக்கத்தில் ‘விநியோகிக்கப்பட்டது’ என்று காட்டினால் பலர் அத்துடன் விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சொல், விநியோகிப்பவர் தன் கையிலுள்ள கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினார் என்பதை மட்டுமே சொல்கிறது. யாருடைய கையில், எந்த வீட்டில் என்பதற்கு வேறு ஆதாரம் தேவை.

எனவே கூரியர் நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை இவை: எந்தத் திகதி, எத்தனை மணிக்கு ஒப்படைக்கப்பட்டது? பெற்றவரின் பெயர், கையொப்பம் அல்லது புகைப்படம் உள்ளதா? எந்தத் தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தார்கள்? எந்தக் கிளையிலிருந்து யார் கொண்டு சென்றார்? இவற்றைத் தொலைபேசியில் கேட்டதோடு நிற்காமல் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முறைப்பாட்டு இலக்கம் ஒன்றையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

நமது ஊர் முகவரிகளின் இயல்பையும் கவனிக்க வேண்டும். வீட்டிலக்கம் இல்லாத ஒழுங்கைகள், “கோயிலடி, பெரிய கேற் வீடு” என்று சொல்லித்தான் கண்டுபிடிக்க முடிந்த இடங்கள், ஒரே ஒழுங்கையில் ஒரே முதலெழுத்தும் பெயரும் கொண்ட இருவர் என்று பொதி வழிதவறப் பல காரணங்கள் உண்டு. சிங்களத்தில் வந்த அழைப்பைப் புரியாமல் துண்டித்ததால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை’ என்று பதியப்பட்டுத் திரும்பும் பொதிகளும் இருக்கும். இவையெல்லாம் யாரும் ஏமாற்றாமலே பொதி வராமற் போகும் வழிகள்.

பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையில் இந்தச் சிக்கல் குறைவு. பொதியைப் பெற்றவர் பணம் கொடுத்திருப்பார், அந்தக் கணக்கும் கூரியரிடம் இருக்கும். அங்கே விற்பவரின் தலைவலி, ஓடர் செய்துவிட்டு வாங்காமல் திருப்பி அனுப்புபவர்கள்தான். “வரவில்லை” என்ற பிணக்கு அதிகம் எழுவது முற்பணம் பெற்ற விற்பனையில்.

நட்டம் யாருடையது?

“கூரியரில் கொடுத்ததோடு என் பொறுப்பு முடிந்தது” என்று விற்பவர் சொல்வார். “என் கையில் கிடைக்கும்வரை அது உங்கள் பொறுப்பு” என்று வாங்கியவர் சொல்வார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது.

இலங்கையில் பொருள் விற்பனையை ஆளும் சட்டம் 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம். இங்கிலாந்தின் 1893ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட அது, பொருளை அனுப்பிவைக்க ஒப்புக்கொண்ட விற்பனையில், கொண்டுசெல்பவரிடம் ஒப்படைப்பதை முதற்றோற்ற அளவில் வாங்கியவரிடம் ஒப்படைத்ததாகவே கொள்கிறது. ஆனால் இதற்கு இரண்டு கடிவாளங்கள் உண்டு. ஒன்று, பொருளின் தன்மைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாட்டை விற்பவர் கொண்டுசெல்பவருடன் செய்திருக்க வேண்டும். பெறுமதியான ஒரு பொருளைப் பதிவு செய்யாமல் சாதாரண தபாலில் போட்டுவிட்டு இந்த விதியின் பின்னால் நிற்பது கடினம். இரண்டாவது, இருவரும் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் அந்த உடன்பாடே செல்லும். “உங்கள் வீட்டு வாசலில் தருவோம்” என்று விளம்பரத்தில் எழுதியவர், கூரியர் கிளையோடு தன் கடமை முடிந்தது என்று பின்னர் வாதிடுவது எளிதல்ல.

நடைமுறையில் இன்னொரு விடயமும் இருக்கிறது. கூரியருடன் ஒப்பந்தம் செய்தவர் நீங்கள், கட்டணம் கட்டியவரும் நீங்கள். வாங்கியவர் கேட்டால் “அனுப்பியவரைப் பேசச் சொல்லுங்கள்” என்றுதான் அங்கே பதில் வரும். ஆகவே பொறுப்பு யாருடையது என்ற வாதம் எப்படி முடிந்தாலும், தேடும் வேலையும் இழப்பீடு கோரும் வேலையும் விற்பவருடையவை. பற்றுச்சீட்டின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள நிபந்தனைகளை இன்றே வாசித்துப் பாருங்கள். இழப்பீட்டின் உச்சவரம்பு, கோருவதற்கான காலக்கெடு, எந்தப் பொருட்களுக்குப் பொறுப்பில்லை என்பன அங்கேதான் இருக்கும்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது

ஈபே போன்ற தளங்களில் தீர்ப்பைச் சொல்வது தளமே. அங்கே உங்கள் நேர்மைக்கு மதிப்பெண் இல்லை, பதிவுகளுக்குத்தான் உண்டு. மதிப்பிடப்பட்ட விநியோகத் திகதி கடந்தபின் 30 நாட்களுக்குள் வாங்கியவர் “கிடைக்கவில்லை” என்று முறையிடலாம். விற்பவர் 3 வேலை நாட்களுக்குள் பதிலளிக்க வேண்டும். தவறினால் வாங்கியவர் தளத்தைத் தலையிடக் கேட்கலாம். ஓடரில் உள்ள முகவரிக்குப் பொருள் ஒப்படைக்கப்பட்டதைத் தடமறி இலக்கம் காட்டினால் விற்பவருக்குப் பாதுகாப்பு உண்டு. 750 டொலரும் அதற்கு மேலும் பெறுமதியுள்ள ஓடருக்குக் கையொப்பமும் தேவை.

“அந்த முகவரிக்கு வேண்டாம், என் நண்பரின் முகவரிக்கு அனுப்புங்கள்” என்று தனிச்செய்தியில் வரும் வேண்டுகோளுக்கு இணங்கியவர் இந்தப் பாதுகாப்பை இழக்கிறார். அப்படிக் கேட்டால் ஓடரை இரத்துச் செய்து, புதிய முகவரியுடன் மீண்டும் ஓடர் செய்யச் சொல்வதே வழி.

தபாலில் அனுப்பினால் 13 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட குறியீடு தரப்படும். முதலில் சேவையைக் குறிக்கும் இரண்டு ஆங்கில எழுத்துகள், பிறகு 9 இலக்கங்கள், கடைசியில் இலங்கையைக் குறிக்கும் ‘எல்கே’. உலகத் தபால் ஒன்றியத்தின் பொது ஒழுங்கு இது என்பதால், பொருள் போய்ச் சேரும் நாட்டின் தபால் சேவைத் தளத்திலும் இதே குறியீட்டால் தேடலாம். பொதி காணாமற்போனால், அனுப்பிய நாளின் மறுநாளிலிருந்து 6 மாதங்களுக்குள் விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது. ஆனால் தபால் விசாரணை முடிய வாரங்கள் ஆகும். தளத்தின் கடிகாரம் நாட்களில் ஓடும். தபாலின் பதில் வரும்வரை பொறுக்குமாறு ஈபேயிடம் கேட்பதில் பயனில்லை. இரண்டையும் தனித்தனியே நடத்த வேண்டும்.

கடனட்டை மூலம் பணம் பெறுபவர்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அட்டைக்காரர் உங்களிடம் எதுவும் கேட்காமலே தன் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீளப்பெற முயலலாம். விசா வலையமைப்பில் ‘பொருள் கிடைக்கவில்லை’ என்பதற்கு 13.1 என்று தனிக் குறியீடே உண்டு. கனடாவில் உள்ள மகன் வவுனியாவில் உள்ள தாய்க்குப் பரிசு ஓடர் செய்யும் விற்பனைகளில் இது விசேடமாகக் கவனிக்க வேண்டியது. பணம் கட்டியவர் ஒருவர், பொருளைப் பெறுபவர் வேறொருவர். தாய் அயல்வீட்டில் இருந்து பொதியை எடுக்க மறந்ததைக்கூட ரொறன்ரோவில் உள்ள வங்கி ‘கிடைக்கவில்லை’ என்றுதான் பதியும். இப்படியான ஓடர்களில், பெறுபவர் பொதியுடன் நிற்கும் ஒரு படத்தையோ “கிடைத்தது” என்ற ஒரு வரியையோ பணம் கட்டியவருக்கு அன்றே அனுப்பச் சொல்லி வாங்கிவிடுங்கள். வங்கி விளக்கம் கேட்டால், அது தரும் காலக்கெடுவுக்குள் ஓடர், பற்றுச்சீட்டு, விநியோக ஆதாரம், உரையாடல் ஆகியவற்றை ஒரே கோப்பாகக் கொடுங்கள்.

பணம் எந்த வழியால் வந்ததோ அதே வழியால்தான் திரும்பிப் போக வேண்டும். “அட்டைக்கு வேண்டாம், இந்தக் கணக்குக்குப் போடுங்கள்” என்பவருக்கு இணங்கினால், பின்னர் வங்கி ஊடாகவும் பணம் பறிபோய் இருமுறை கொடுத்தவராகலாம்.

எப்போது விட்டுக்கொடுப்பது?

பொதி உங்கள் கூரியரின் கையில் தொலைந்தது என்று உறுதியானால், கூரியரின் இழப்பீடு வரும்வரை வாங்கியவரைக் காத்திருக்க வைக்க வேண்டாம். பணமா, மாற்றுப் பொருளா என்று அவரிடமே கேளுங்கள். முகவரியை நீங்கள் பிழையாக எழுதியிருந்தாலும் அப்படித்தான். வாங்கியவரே பிழையான முகவரி தந்திருந்தால், மீண்டும் அனுப்பும் செலவை அவர் ஏற்பது நியாயம். ஆதாரம் இரு பக்கமும் அரைகுறையாக இருந்தால், நட்டத்தைப் பகிர்ந்துகொள்ளும் யோசனையை எழுத்தில் வையுங்கள்.

கையொப்பமும் புகைப்படமும் தெளிவாக இருந்து, வாங்கியவர் மறுத்துக்கொண்டே இருந்தால் ஆதாரத்தை அனுப்பிவிட்டு உறுதியாக நில்லுங்கள். அவர் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் போகலாம். 1977 என்ற துரித இலக்கமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிட வேண்டும். அதைக் கேட்டு அஞ்சத் தேவையில்லை, கோப்பு ஒழுங்காக இருப்பவருக்கு அது தன் பக்கத்தைச் சொல்லும் இடமும்தான். இருவரும் ஒரே பிரதேசத்தவர் என்றால் மத்தியஸ்த சபை இன்னும் இலகுவான வழி. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் இச்சபைகளில் சட்டத்தரணி இல்லாமலே நேரில் பேசலாம்.

செய்யக்கூடாதது ஒன்று உண்டு. வாங்கியவரின் பெயர், தொலைபேசி இலக்கம், வீட்டு முகவரி ஆகியவற்றை “இவரிடம் கவனம்” என்று குழுக்களில் போடுவது. குறிப்பாக அவர் ஒரு பெண் என்றால், அந்தப் பதிவு அவருக்கு எங்கெங்கிருந்தெல்லாம் அழைப்புகளைக் கொண்டுவரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவதூறு வழக்குக்கும் அது இடம் கொடுக்கும். உங்கள் சந்தேகம் பிழையென்று பின்னர் தெரிந்தால் அந்தப் பதிவைத் திரும்பப் பெற முடியாது.

அனுப்பும் முன் 5 நிமிடம்

இவ்வளவு சிரமத்தில் பெரும்பகுதியைப் பொதி கட்டும் மேசையிலேயே தவிர்க்கலாம். முகவரியையும் இரண்டு தொலைபேசி இலக்கங்களையும் எழுத்தில் பெற்று, அதையே திருப்பி அனுப்பி “சரி” என்ற பதிலை வாங்குங்கள். பொருளை உள்ளே வைப்பதையும் முகவரி ஒட்டுவதையும் ஒரே காணொளியாக எடுங்கள். பொதியின் நிறை பற்றுச்சீட்டில் பதியப்படுகிறதா என்று பாருங்கள். இடையில் திறக்கப்பட்டதா என்ற கேள்விக்கு அது உதவும். அனுப்பிய அன்றே தடமறி இலக்கத்தை வாங்கியவருக்குக் கொடுங்கள். விலை கூடிய பொருளுக்குக் கையொப்பம் பெறும் சேவையைத் தெரிவுசெய்து, அதற்கான செலவை விலையிலேயே சேர்த்துவிடுங்கள். எத்தனை நாளில் வரும், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதை உங்கள் பக்கத்தில் நான்கு வரியில் எழுதி வையுங்கள்.

முகம் தெரியாத ஒருவர் உங்கள் கணக்குக்கு முற்கூட்டியே பணம் போடுகிறார் என்றால் அது நம்பிக்கையில் நடக்கும் வியாபாரம். அந்த நம்பிக்கைக்கு இந்தச் சின்னச் சின்னத் துண்டுகளும் படங்களும்தான் சாட்சி. நேர்மையாக அனுப்பியவரையும், உண்மையிலேயே பொதி கிடைக்காதவரையும் அவை ஒரேநேரத்தில் காக்கின்றன.