குறிதுப்பாக்கியை மதிப்பிடும் முறை

1815ஆம் ஆண்டிற்குப் பின்னர் அந்நிய தேசம் எதனோடும் போர் புரியாத நாடு சுவிற்சர்லாந்து. ஆயினும், துப்பாக்கி சுடுதலை அந்நாட்டார் குடிமகனின் கடமையாகவும் திருவிழாவாகவும் போற்றி வந்துள்ளனர். அவர்களது சுடுதளங்களில் இலக்குப் பலகை வழக்கமாக 300 மீற்றர் தூரத்தில் நிற்கும். இத்தகைய நாட்டின் சேனை, மறைந்திருந்து குறிபார்த்துச் சுடும் வீரனுக்கென அமைத்த 1955ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கி ஆராயத்தக்கதாகும்.

இதன் மூலம் 1931ஆம் ஆண்டு வகைக் குறுந்துப்பாக்கியாகும். பேர்ண் நகரிலிருந்த அரசாங்க ஆயுதத் தொழிற்சாலை அதனை ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட எண்ணிக்கையில் செய்தது. பிறநாட்டுத் துப்பாக்கிகள் பலவற்றில் தாழின் கைப்பிடியை முதலில் மேலே திருப்பிப் பின்னரே இழுத்தல் வேண்டும். இதிலோ நேரே பின்னிழுத்து முன்தள்ளினாற் போதும். அடுத்த தோட்டா ஏறிவிடும். 1911ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட இதன் தோட்டாவில் 11.3 கிராம் நிறையுள்ள குண்டு உண்டு. அது வினாடிக்குச் சுமார் 780 மீற்றர் வேகத்துடன் குழலை விட்டு நீங்கும்.

1940களில் இக்குறுந்துப்பாக்கியின் இடப்பக்கத்தில் சிறிய தொலைநோக்கியொன்றைப் பொருத்திப் பார்த்தனர். அதனூடே நோக்குவதற்குச் சுடுவோன் தன் முகத்தைப் பிடங்கிலிருந்து ஒதுக்க வேண்டியிருந்தது. கன்னம் உறுதியாகப் படியாவிடில் கண் நிலைக்காது. கண் நிலைக்காவிடில் குறியும் நிலைக்காது. ஆகவே, 1955ஆம் ஆண்டு வகையில் மூன்றரை மடங்கு பெருக்கிக் காட்டும் தொலைநோக்கி மேற்புறத்தில் அமைக்கப்பட்டது. வெற்றுத் தோட்டா அதில் மோதாது பக்கமாக வெளியேறும்படி தாழும் பொறியும் சற்றே சரித்து வைக்கப்பட்டன. கனத்த குழல், இருகால் தாங்கி, பின்னுதைப்பைக் குறைக்கும் குழல்வாய் அமைப்பு ஆகியனவும் சேர்ந்தன. இவ்வகையிற் செய்யப்பட்டவை ஏறக்குறைய 4,150 மாத்திரமே.

இத்தகைய பழைய துப்பாக்கியொன்றின் திறனை அறிவதெங்ஙனம்? முதலில், ஆயுதத் தேர்ச்சியுள்ளவரைக் கொண்டு குழலின் உட்புறத்தையும் தாழின் பூட்டையும் சோதிப்பித்தல் வேண்டும். குழலினுள் எண்ணெய் எஞ்சியிருப்பின் முதற் குண்டு வேறிடத்தைத் தாக்கக்கூடும். ஆகையால் அதனைத் துடைத்தெடுத்தல் அவசியம். பின்னர் ஒரேவகைத் தோட்டாக்களையே உபயோகித்து, அசையாத தாங்கியின்மீது வைத்துச் சுடுதல் வேண்டும்.

ஒரு பாகையின் அறுபதில் ஒரு கூறு கலை எனப்படும். 300 மீற்றரில் ஒரு கலை என்பது 87 மில்லிமீற்றர், அதாவது ஓர் உள்ளங்கையின் அகலம். சர்வதேசப் போட்டிக்குரிய 300 மீற்றர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 100 மில்லிமீற்றர். எனவே, ஒரு கலைக்குள் குண்டுகளைச் சேர்க்கும் துப்பாக்கி அவ்வட்டத்துள் அவை யாவற்றையும் அடக்க வல்லது.

ஆனால், மூன்று குண்டுகள் நெருங்கி விழுந்தமை கொண்டு மகிழ்ந்துவிடலாகாது; அது தற்செயலாகவும் நேரலாம். பத்து முறை சுட்டால் சிதறல் விரியும். அவ்விரிவே உண்மைக்கு அண்மையானது. சிதறலின் வடிவமும் ஒரு சாட்சியே. குண்டுகள் மேலுங்கீழுமாக நீண்டு விழுந்தால் சுடுவோனின் மூச்சையோ தோட்டாக்களின் வேக வேறுபாட்டையோ ஐயுறலாம். பக்கவாட்டில் விரிந்தாற் காற்றையும் விசையை இழுத்த விரலையும் நோக்கல் வேண்டும். அவற்றை ஆராயுமுன் துப்பாக்கியைக் குறைகூறுதல் நீதியன்று.

எனினும், போட்டித் துப்பாக்கிக்குரிய அளவுகோல் குறிதுப்பாக்கிக்கு முற்றும் பொருந்தாது. போட்டியாளன் சில குண்டுகளைச் சுட்டுப் பார்த்துக் குறியைத் திருத்திக்கொள்ளலாம். மறைந்திருக்கும் வீரனுக்கோ அவ்வாய்ப்பில்லை. முதல் வெடியோசையே அவன் இருப்பிடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆதலால், குளிர்ந்த குழலிலிருந்து செல்லும் முதற் குண்டு எங்கே படுகின்றது என்பதை வெவ்வேறு நாட்களிற் சுட்டுக் குறித்து வைத்தல் வேண்டும். அம்முதற் குண்டுகள் யாவும் ஓரிடத்தே சேருமாயின், அத்துப்பாக்கி தான் செய்யப்பட்ட நோக்கத்துக்குத் தகுதியுடையதென்று துணிந்து கூறலாம்.