அணைக்க முடியாத ஹீட்டர்

பழைய போர்ஷே 911-இல் எஞ்சின் பின்னால், தண்ணீரும் ரேடியேட்டரும் கிடையாது. போன வாரம் இதைத்தான் விரிவாகப் பார்த்தோம். தவறவிட்டவர்கள் அந்த இதழைத் தேடிக்கொள்ளட்டும். இந்த வாரம் ஏ.சி. என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அது தள்ளிப்போகிறது. காரணம் ஹீட்டர்.

தண்ணீரால் குளிரும் கார்களில் ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் குட்டி ரேடியேட்டர்தான். 1998 வரை காற்றால் குளிர்ந்த 911-இல் அதற்கு வழியில்லை. எஞ்சினைக் குளிர்விக்கும் அதே பெரிய விசிறியின் காற்றில் ஒரு பங்கைப் பிரித்து, புகைக்குழாய்களைச் சுற்றியிருக்கும் தகரச் சட்டைக்குள் செலுத்துகிறார்கள். இதுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. அங்கே சூடான காற்று ஃபிளாப்பர் பாக்ஸ் என்ற சிறிய பெட்டிக்கு வருகிறது. உள்ளே ஒரு தகட்டுக் கதவு. கைப்பிரேக்குக்கு அருகில் சிவப்புக் குமிழ் வைத்த நெம்புகோலை இழுத்தால், கேபிள் அந்தக் கதவைத் திருப்பி, கதவுகளுக்குக் கீழே காரின் நீளவாக்கில் ஓடும் குழாய் வழியாகச் சூட்டைக் காலடிக்கும் முன்கண்ணாடிக்கும் அனுப்பும். இழுக்காவிட்டால்? சூடு உண்டாவது நிற்பதில்லை. அத்தனையும் காருக்கு அடியில் ரோட்டில் கொட்டப்படுகிறது. அரிசோனாவின் உச்சி வெயிலிலும், எஞ்சின் ஓடும்வரை இந்த ஹீட்டர் வேலை செய்துகொண்டே இருக்கும். அதை அணைக்க முடியாது, திசை திருப்பத்தான் முடியும். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிய விஷயம் இதுதான். பழுது பார்ப்பதற்கான சாவியும் இதிலேயே இருக்கிறது.

911-இன் ஹீட்டருக்கு நல்ல பெயர் கிடையாது. குளிர்காலத்தில் கால் விறைக்கிறது என்றதும் பலர் முதலில் விலை கேட்பது புதிய ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு. அதைக் கழற்றும்போது துருப்பிடித்த ஸ்டட் முறிந்தால் செலவு இரட்டிப்பாகும். என் வாதம் எளிது: பெரும்பாலும் சூட்டில் குறை இருக்காது, அது வரும் வழியில்தான் இருக்கும். நிரூபிக்கக் கருவி எதுவும் வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடானபின், நெம்புகோலைக் கீழே விட்டு, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால், உட்புறம் இருக்கும் ஃபிளாப்பர் பாக்ஸின் வாய்க்கு எதிரே, புகைக்குழாயைத் தொடாமல் கையை நீட்டுங்கள். கொதிக்கும் காற்று அடித்தால் விசிறி, மேலிருந்து இறங்கும் குழாய், எக்ஸ்சேஞ்சர் மூன்றும் தப்பித்தன. இப்போது இன்னொருவர் நெம்புகோலை இழுக்கட்டும். காற்று அப்படியே அடித்தால் கேபிள் நழுவியிருக்கிறது, அல்லது கதவு துருவேறி இறுகிவிட்டது. கீழே காற்று நின்றும் உள்ளே சூடு வராவிட்டால், நடுவில் வளைகுழாய் கழன்றோ கிழிந்தோ கிடக்கிறது. ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர் என்றால் இன்னும் வசதி: இரண்டுக்கும் பொதுவான விசிறியைச் சந்தேகப் பட்டியலிலிருந்து உடனே எடுத்துவிடலாம். கோடையில் கால் வேகிறது என்ற எதிர்ப் புகாருக்கும் இதே சோதனை போதும். அங்கே கதவு முழுதாக மூடவில்லை.

வழி கெட்டதில் உரிமையாளர்களின் கைவரிசையும் உண்டு. 1984 முதல் 1989 வரை வந்த 3.2 கரேராவில் எஞ்சின் அறையின் இடப்பக்கம் ஒரு மின்விசிறி இருக்கும். பார்வைக்கு இடைஞ்சல் என்று அதைக் கழற்றி எறிந்தவர்கள் ஏராளம். ரேஸ் கார் மோகத்தில் சட்டையே இல்லாத வெறும் புகைக்குழாயை மாட்டிவிட்டு ஹீட்டரைத் திட்டுபவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

ஆனால் அந்த மின்விசிறி எதற்கு வந்தது என்று கேட்பவர்களின் மறுப்பு நியாயமானது. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் அதன் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். சிக்னலில் நிற்கும்போது சூடு வடிந்துவிடும். ஆரம்பகால 911 பலவற்றில் பெட்ரோலை எரிக்கும் தனி ஹீட்டரையே முன்பக்கம் வைத்தார்கள். ஆகவே குறையைக் கம்பெனி அறிந்திருந்தது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது நின்றிருக்கும் காரின் குறை. நெடுஞ்சாலை வேகத்திலும் கால் விறைத்தால் வடிவமைப்பின் மேல் பழி போட முடியாது.

இரண்டாவது மறுப்பு கனமானது: புகைக்குழாயைத் தொட்டு வரும் காற்றை மனிதர் சுவாசிக்கலாமா? எண்ணெய் வாடை மட்டும் வந்தால், பெரும்பாலும் எஞ்சினின் அடியில் கசியும் எண்ணெய் எக்ஸ்சேஞ்சரின் வெளிப்புறத்தில் தீய்கிறது. புகை வாடை வேறு விஷயம். சட்டைக்குள் இருக்கும் குழாய் அரித்து ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு நேராக உள்ளே வரும். அதற்கு வாசனையே கிடையாது. சந்தேகம் வந்த நிமிடமே நெம்புகோலைக் கீழே இறக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்துகொண்டு பட்டறைக்குப் போக வேண்டும். என் வாதத்துக்கு விதிவிலக்கு இந்த ஓர் இடம்: இங்கே எக்ஸ்சேஞ்சரை மாற்றத்தான் வேண்டும்.

சூடு போகும் குழாய் ஒளிந்திருக்கும் சட்டம்தான் காரின் விறைப்பையும் தாங்குகிறது என்பதைக் கார் வாங்கப்போகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். உடலுக்கு முழுமையாகத் துத்தநாகப் பூச்சு வந்தது 1976 மாடலிலிருந்து. அதற்கு முந்தைய காரில், ஃபிளாப்பர் பாக்ஸிலும் வளைகுழாயிலும் குறையில்லாமல் ஒரு பக்கம் மட்டும் சூடு வழியில் தொலைகிறது என்றால், ஹீட்டரை விட்டுவிட்டு, கதவுக்குக் கீழே துருவைத் தேடுங்கள்.

ஏ.சி. கண்டென்சரைக் கொதிக்கும் எஞ்சினுக்கு நேர் மேலே, பின் மூடியிலேயே ஏன் பொருத்தினார்கள் என்பது அடுத்த வாரம். நிச்சயம்.