சட்டம் ஒரு பக்கம், கோட் ஒரு பக்கம்

பிரான்ஸ் ராணுவத்துக்குச் சம்பளம் போட 2011-ல லூவ்வான்னு ஒரு சாஃப்ட்வேர் வந்தது. நிறைய வீரர்களுக்குச் சம்பளம் குறைஞ்சது, சிலருக்குக் கூடிப்போச்சு. 2013-ல அதைக் கைவிடுறதா அரசே அறிவிச்சது. காரணங்கள் பல. நான் முக்கியமா நினைக்கிறது இது: விதி தெரிஞ்சவருக்குக் கோட் புரியாது, கோட் எழுதுறவருக்கு விதி புரியாது.

இந்த இடைவெளிக்காகவே பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவானதுதான் கட்டலா. சட்டத்துக்குன்னே செஞ்ச மொழி. சட்டம் முதல்ல பொது விதியைச் சொல்லும்; விதிவிலக்கு எங்கேயோ தள்ளி வரும். சாதாரண கோட்ல ரெண்டையும் ஒரே இஃப்-எல்ஸுக்குள்ள திணிக்கணும். கட்டலாவில் ஒவ்வொரு சட்டப் பிரிவுக்குக் கீழேயும் அதுக்கான கோட் இருக்கும். விதிவிலக்கும் அது வர்ற இடத்துலயே நிக்கும். வக்கீலும் புரோகிராமரும் பக்கத்துல உக்காந்து வரிவரியா சரிபார்க்கலாம். நாளைக்கு ஒரு பிரிவு திருத்தப்பட்டா, எந்தக் கோடை மாத்தணும்னு தேடி அலைய வேண்டாம்.