மலாக்காவுக்கும் பகாங்குக்கும் ஒரே நிறம்

தீபகற்ப மலேசியாவின் 11 மாநிலங்களுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்றே நிறங்களைத் தீட்ட வேண்டும். எல்லை தொட்டுக்கொள்ளும் இரண்டு மாநிலங்களுக்கு ஒரே நிறம் கூடாது. நிபந்தனையை மறந்துவிட்டால் 177,147 விதமாகத் தீட்டலாம். அவற்றில் சரியானவை மிகக் குறைவு.

மலாக்காவின் செங் ஊரில் இருப்பவர் தன் மாநிலத்தில்தான் தொடங்குவார். அதற்குச் சிவப்பு. எங்கோ கிழக்குக் கரையில் இருக்கும் திரங்கானுவுக்கும் சிவப்பு கொடுத்தால் என்ன? பார்வைக்கு ஒரு தவறும் இல்லை. ஆனால் கணக்கு அப்போதே கெட்டுவிட்டது. பகாங், நெகிரி செம்பிலான், ஜொகூர் மூன்றும் ஒன்றையொன்று தொடுவதால் ஆளுக்கொரு நிறம் வேண்டும். மலாக்கா, நெகிரியையும் ஜொகூரையும் தொடுகிறது. எனவே மிச்சமிருக்கும் பகாங்கின் நிறமே அதற்கும். பகாங்கை ஒட்டிய திரங்கானுவுக்கு அந்த நிறம் ஒருநாளும் ஆகாது. கணினிக்கு இது முன்கூட்டித் தெரியாது. வரிசையாகத் தீட்டிக்கொண்டே போய், முட்டிக்கொண்ட பிறகு ஒவ்வொன்றாக அழித்துத் திரும்பி வரும்.

இந்த வீண் அலைச்சலைக் குறைப்பவைதான் தேடல் உத்திகள். அதிக அண்டை மாநிலங்கள் உள்ளதை முதலில் எடு என்பது ஓர் உத்தி. பகாங்குக்கு ஆறு அண்டைகள். அதற்குச் சிவப்பு கொடுப்போம். எதற்கு நிறத்தேர்வு மிகக் குறைவாக மிஞ்சியிருக்கிறதோ அதை அடுத்து எடு என்பது இன்னொன்று. பேராக்குக்குப் பச்சை என்றதும் கிளந்தானுக்கும் சிலாங்கூருக்கும் நீலம்தான் மிச்சம். அதனால் திரங்கானுவும் நெகிரியும் பச்சை, ஜொகூர் நீலம், மலாக்கா சிவப்பு. எங்கும் யோசிக்கவே வேண்டியதில்லை. வடக்கே கெடாவுக்குச் சிவப்பு கொடுத்தால் பினாங்கு நீலம். பெர்லிஸுக்கு நீலமோ பச்சையோ, உங்கள் விருப்பம்.

தேர்வு குறைந்ததை முதலில் எடு, தோற்பதாக இருந்தால் சீக்கிரமே தோற்றுவிடு என்ற இந்தக் கொள்கையை ராபர்ட் ஹராலிக்கும் கார்டன் எலியட்டும் 1980இல் ஆராய்ந்து எழுதினார்கள். முரணான யோசனைபோலத் தோன்றினாலும் பலன் தருவது இதுதான்.

நேரெதிர் வழியும் உண்டு. எல்லாவற்றையும் எப்படியாவது நிரப்பிவிட்டு, மோதல் உள்ள இடங்களை மட்டும் மாற்றிக்கொண்டே போவது. ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் ஒரு வார வேலைகளை வரிசைப்படுத்த மூன்று வாரம் ஆகிக்கொண்டிருந்தது. இந்த உத்தி அதைச் சுமார் பத்து நிமிடமாக்கியது. ஆனால் விடையே இல்லாத கணக்கில், விடை இல்லை என்று இது சொல்லாது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

பள்ளிக்குக் கால அட்டவணை போடுவதும் இதே வகைக் கணக்குதான். ஆசிரியர்களே, எல்லா வகுப்புக்கும் போகும் ஒற்றை ஆசிரியரை முதலில் கட்டத்தில் எழுதுங்கள். எந்த நேரத்திலும் வரக்கூடியவரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.