கலப்பு மூளைக் கட்டி: மரபணு தந்த தீர்ப்பு

மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக கிளியல் செல்கள் இருக்கின்றன. அவற்றில் ஆஸ்ட்ரோசைட் நட்சத்திர வடிவம் கொண்டது. நரம்பு செல்லுக்கு ஊட்டம் சேர்ப்பதில் பங்கெடுக்கும். ஒலிகோடென்ட்ரோசைட், நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறையைச் சுற்றிவிடும். இந்த இரண்டின் சாயலும் ஒரே கட்டியில் தெரிந்தால் அதற்கு ஒலிகோஆஸ்ட்ரோசைட்டோமா, அதாவது கலப்புக் கட்டி என்று பெயர். நோயியல் மருத்துவர்கள் பல்லாண்டு காலம் இந்தப் பெயரை அறிக்கைகளில் எழுதிவந்தார்கள்.

நுண்ணோக்கியில் ஒலிகோ வகைச் செல் ஆஃப்பாயில் மாதிரி இருக்கும்: நடுவில் உருண்டையான உட்கரு, சுற்றிலும் வெளிறிய வளையம். ஆனால் அந்த வளையம் உயிருள்ள செல்லில் கிடையாது. வெட்டியெடுத்த திசுவை ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதிக்கும்போது செல் உப்பிவிடுவதால் உண்டாவது அது. அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் அவசரப் பரிசோதனையில் அது பெரும்பாலும் தென்படாது. ஆஸ்ட்ரோ வகையிலோ உட்கரு நீண்டு கோணலாகவும், சுற்றுப்புறம் நார்நாராகவும் இருக்கும். இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கும் செல்களும் ஏராளம். ஒரே கண்ணாடித் தகட்டைப் பார்த்த இரு வல்லுநர்கள் இரு வேறு முடிவு சொன்னது அவர்களுடைய திறமைக் குறைவால் அல்ல. கண்ணால் மட்டும் தீர்க்க முடியாத கேள்வி அது.

விடை மரபணுக்களில் இருந்தது. ஒலிகோ கட்டிகளில் 1ஆம் குரோமோசோமின் குட்டைக் கையும் (1பி) 19ஆம் குரோமோசோமின் நெட்டைக் கையும் (19கியூ) சேர்ந்தே காணாமல் போவது 1990களில் தெரியவந்தது. 2008இல் ஐ.டி.எச்.1 மரபணுப் பிறழ்வு அகப்பட்டது. அந்த மரபணு உருவாக்கும் நொதியின் 132ஆம் இடத்தில் ஒரேயொரு அமினோ அமிலம் மாறினால் போதும், அது 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருளைக் குவிக்கத் தொடங்கும். டி.என்.ஏ.வில் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகளை அது முடக்குவதால் மரபணுக்களின் கட்டுப்பாடு குலைகிறது. இதுவரை இருவகைக் கட்டிக்கும் பாதை ஒன்றே. அதன் பிறகு பிரிகிறது: ஒலிகோ அந்த இரு கைகளையும் இழக்கும், ஆஸ்ட்ரோ பெரும்பாலும் டி.பி.53, ஏ.டி.ஆர்.எக்ஸ். மரபணுக்களைப் பறிகொடுக்கும்.

2014இல் ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் கலப்புக் கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். ஏறக்குறைய எல்லாமே இரண்டில் ஒரு பக்கம் சேர்ந்தன. கட்டியின் ஒரு பகுதி ஒலிகோ போலவும் இன்னொரு பகுதி ஆஸ்ட்ரோ போலவும் தெரிந்தாலும் மரபணு மாற்றம் இரண்டிலும் ஒன்றே. உண்மையிலேயே இரண்டும் கலந்தவை மிக மிக அரிது. உலக சுகாதார நிறுவனம் 2016இல் இந்தப் பெயரைத் தவிர்க்கச் சொன்னது. 2021 வகைப்பாட்டில் அதை அறவே நீக்கிவிட்டது.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட முடியாது; சிகிச்சைத் தேர்வும் அதைப் பொறுத்தது. வேகமாக வளரும் ஒலிகோ, கலப்புக் கட்டி நோயாளிகளிடம் வட அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வின் நீண்டகால முடிவு 2013இல் வெளியானது. இரு கைகளையும் இழந்த கட்டி உள்ளவர்களில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 7.3 ஆண்டு, பி.சி.வி. என்ற கீமோ மருந்துக் கூட்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.7 ஆண்டு.

எனவே உங்கள் வீட்டில் யாருடைய பழைய அறிக்கையிலாவது ஒலிகோஆஸ்ட்ரோசைட்டோமா என்று இருந்தால், ஐ.டி.எச்., 1பி/19கியூ சோதனைகள் செய்யப்பட்டனவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெழுகில் பதித்த திசுவைப் பத்திரமாக வைத்திருந்தால், பல ஆண்டு கழித்தும் பெரும்பாலும் அதிலேயே சோதித்துவிடலாம்.