கதவில் ஒட்டிய கணக்கு

2025 அக்டோபர் 15 காலை, கேரளத்தின் கூத்தாட்டுகுளத்தில் ஆயுர்வேத சிகிச்சைக்கு வந்திருந்த எண்பது வயதுக்காரர் ஒருவர் நடைப்பயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்தார். பெயர் ரைலா ஓடிங்கா, கென்யாவின் முன்னாள் பிரதமர். நம்மில் பலர் அதை ஒருநாள் செய்தியாகக் கடந்துவிட்டோம். ஆனால் தேர்தல் மோசடியைத் தொழில்நுட்பத்தால் தடுக்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கை ஒரு பாடப்புத்தகம். ஐந்து முறை அதிபர் தேர்தலில் நின்றார். ஐந்து முறையும் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். அவற்றில் கடைசி நான்கும் ஒரே கேள்வியில் போய் முட்டின. சாவடியில் எண்ணிய எண்ணும் தலைநகரில் அறிவித்த எண்ணும் ஒன்றுதானா?

முதலில் 2007. டிசம்பர் 27 அன்று வாக்குப்பதிவு. கென்யாவில் ஓட்டுகளை அந்தந்தச் சாவடியிலேயே, அன்றிரவே எண்ணிவிடுவார்கள். எண்ணிய கணக்கு தொகுதிக்குப் போகும். தொகுதியிலிருந்து நைரோபிக்குப் போகும். தொடக்கத்தில் ஓடிங்கா முந்தினார். பிறகு சில தொகுதிகளிலிருந்து கணக்கே வரவில்லை. தேர்தல் ஆணையத் தலைவர் சாமுவேல் கிவுய்டு, தம் அதிகாரிகள் சிலர் தொலைபேசியை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே புலம்பினார். மோலோ என்ற தொகுதியில் அன்றைய அதிபர் எம்வாய் கிபாகிக்கு 50,145 ஓட்டு என்று அறிவித்தபோது ஐரோப்பிய ஒன்றியப் பார்வையாளர்கள் அங்கே இருந்தார்கள். அதே தொகுதிக்கு நைரோபியில் வாசிக்கப்பட்ட எண் 75,261. வழியில் எங்கோ இருபத்தைந்தாயிரம் ஓட்டு முளைத்திருந்தது.

டிசம்பர் 30 மாலை, சுமார் 2.3 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் கிபாகி வென்றதாக அறிவித்தார்கள். பொழுது சாய்வதற்குள் பதவியேற்பும் முடிந்தது. சில நாள் கழித்து, உண்மையில் கிபாகி வென்றாரா என்று தமக்கே தெரியாது என்றார் கிவுய்டு. அதற்குள் நாடு எரியத் தொடங்கியிருந்தது. புத்தாண்டு நாளில் எல்டோரெட் அருகே கியாம்பா என்ற ஊரில், அடைக்கலம் தேடி மக்கள் ஒளிந்திருந்த தேவாலயத்துக்குத் தீ வைத்தார்கள். கருகியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இரண்டு மாதக் கலவரத்தில் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆறு லட்சம் பேர் வீடிழந்தார்கள். தென்னாப்பிரிக்க முன்னாள் நீதிபதி யோஹான் கிரீக்ளர் தலைமையில் அமைந்த விசாரணைக் குழு கடைசியில் சொன்னது இதுதான்: யார் வென்றார் என்று இனிக் கண்டுபிடிக்கவே முடியாது. தாள்கள் அவ்வளவு கெட்டுப்போயிருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தேர்தல் மோசடி என்றதும் நம் கண்முன் வருவது கள்ள ஓட்டும் சாவடியைக் கைப்பற்றும் ரவுடிக் கும்பலும்தான். அதற்கு ஆள் வேண்டும், அடிதடி வேண்டும், ஊரறிய நடக்க வேண்டும். கூட்டல் மோசடிக்கு அதெல்லாம் வேண்டாம். பூட்டிய அறையும் ஒரு பேனாவும் போதும். ஆயிரக்கணக்கானோர் வெயிலில் வரிசையில் நின்று போட்ட ஓட்டை, எண்ணி முடித்த பிறகு ஒற்றை ஆள் மாற்றிவிடலாம்.

இதைப் பிடிக்க முடியுமா என்று ஆப்கானிஸ்தானில் ஒரு சோதனை நடந்தது. 2010 செப்டம்பரில் அங்கே நாடாளுமன்றத் தேர்தல். எண்ணி முடித்ததும் முடிவுத்தாளின் ஒரு படியைச் சாவடி வாசலில் ஒட்டியாக வேண்டும் என்பது விதி. மைக்கேல் காலன், ஜேம்ஸ் லாங் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 471 வாக்குப்பதிவு மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் ஏறக்குறைய பாதி மையங்களைத் தேர்ந்து, அங்கிருந்த பொறுப்பாளர்களிடம் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நாளை எங்கள் ஆள் வந்து உங்கள் முடிவுத்தாளைப் படமெடுப்பார், பிறகு அதைத் தலைநகர் வெளியிடும் கணக்கோடு ஒப்பிடுவோம் என்பதுதான் அதன் சாரம். மீதி மையங்களுக்கு எந்தக் கடிதமும் இல்லை. மறுநாள் எல்லா மையங்களுக்கும் கேமராவோடு ஆள் போனார்கள்.

கடிதம் போன இடங்களில் தேர்தல் தாள்கள் திருடுபோவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. அதிகாரிகளோடு தொடர்புள்ள செல்வாக்கான வேட்பாளர்களின் ஓட்டு சுமார் 25 சதவீதம் இறங்கியது. குலுக்கிப் பிரித்ததால் இரண்டு பிரிவுக்கும் அந்தக் கடிதத்தைத் தவிர வேறு வேறுபாடு கிடையாது. புதிய மருந்தைச் சோதிப்பதும் இப்படித்தான். 2015-இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழில் வெளியான இந்த முடிவைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது எண்ணிக்கை அல்ல. தடுத்தது கேமராகூட அல்ல; கேமரா வரப்போகிறது என்ற செய்திதான். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு தாளில் அச்சிட்ட சில வரிகளுக்கு அவ்வளவு பலன் இருந்தது.

கென்யா இந்தப் பாடத்தை நேர்வழியில் கற்கவில்லை. 2013 தேர்தலுக்குக் கோடிகளைக் கொட்டி விரல்ரேகைக் கருவிகளும் முடிவுகளை அனுப்பும் கைப்பேசி அமைப்பும் வாங்கினார்கள். மின்சாரமே இல்லாத கிராமப் பள்ளிகளில் மடிக்கணினிகளின் பேட்டரி தீர்ந்தது. சில இடங்களில் கடவுச்சொல் யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலான சாவடிகள் அச்சிட்ட பழைய பட்டியலுக்கே திரும்பின. அனுப்பும் அமைப்போ, செல்லாத ஓட்டுகளை எட்டால் பெருக்கிக் காட்டியது! மென்பொருள் பிழை என்று ஆணையம் பிறகு ஒப்புக்கொண்டது. கடைசியில் அதிகாரிகளை ஹெலிகாப்டரில் ஏற்றி, தாளும் கையுமாக நைரோபிக்கு வரவழைத்தார்கள். ஓடிங்கா நீதிமன்றம் போனார், தோற்றார்.

2017 அதைவிடக் கசப்பானது. ஆணையத்தின் கணினிப் பிரிவில் புதிய அமைப்புக்குப் பொறுப்பாக இருந்தவர் கிறிஸ் எம்சாண்டோ. தொலைக்காட்சிக்கு வந்து, முடிவுகள் எப்படி வந்து சேரும் என்று மக்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர். வாக்குப்பதிவுக்குச் சுமார் பத்து நாள் முன்பு காணாமல் போனார். சித்திரவதைக் காயங்களோடு சடலமாகக் கிடைத்தார். ஒரு தேர்தலின் கணக்கு எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது.

தேர்தல் நடந்தது. அன்றைய அதிபர் உஹுரு கென்யாட்டா வென்றதாக அறிவித்தார்கள். மொத்தக் கணக்கு திரையில் ஓடியது. ஆனால் அதற்கு ஆதாரமான சாவடிப் படிவங்கள் எல்லாம் வந்து சேர்வதற்கு முன்பே முடிவு வந்துவிட்டது. ஆணையத்தின் கணினி சர்வர்களைத் திறந்து காட்டும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆணையம் முழுமையாகத் திறக்கவில்லை. நீதிமன்றப் பதிவாளர் சோதித்த 290 தொகுதிப் படிவங்களில் 56-இல் நீர்க்குறியே இல்லை. செப்டம்பர் 1 அன்று தலைமை நீதிபதி டேவிட் மராகா தலைமையிலான அமர்வு, நான்குக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் தேர்தலையே ரத்து செய்தது. ஆப்பிரிக்காவில் ஓர் அதிபர் தேர்தலை நீதிமன்றம் ரத்து செய்தது அதுவே முதல் முறை.

அடுத்து ரத்தானது மலாவியில், 2020 பிப்ரவரியில். அங்கே காரணம் ஒயிட்னர். முடிவுத்தாள்களில் எண்களை வெள்ளை மையால் அழித்து மேலே வேறு எண் எழுதியிருந்தார்கள். தீர்ப்பு சொல்ல வந்த நீதிபதிகள் ராணுவப் பாதுகாப்போடு நீதிமன்றம் வந்தார்கள்.

இனி அந்தத் தாளைக் கிட்டத்தில் பார்ப்போம். கென்யாவில் அதன் பெயர் படிவம் 34ஏ. நம்மூர் பூத் ஏஜெண்டுகளுக்கு 17சி படிவம் பழக்கம். 34ஏ அதற்கு ஒருவகையில் உறவுதான். மாலை ஐந்து மணிக்கு வாக்குப்பதிவு முடிகிறது. சாவடி பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை. தலைமை அலுவலர் ஒவ்வொரு வாக்குச்சீட்டாக விரித்து முகவர்களுக்குக் காட்டி, பெயரைப் படித்துப் பிரித்து வைக்கிறார். எண்ணி முடித்ததும் படி எடுக்கும் புத்தகத்தில் பேனாவை அழுத்தி எழுதுகிறார்: ஒவ்வொரு வேட்பாளருக்கும் எத்தனை, செல்லாதவை எத்தனை. முகவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஆளுக்கொரு படி கிடைக்கிறது. ஒரு படி வகுப்பறைக் கதவில் ஒட்டப்படுகிறது. பிறகு அலுவலர் கையிலுள்ள கருவியால் மூலத்தைப் படமெடுத்து அனுப்புகிறார். அலைவரிசை எட்டாத சாவடியாக இருந்தால் கருவியோடு சிக்னல் கிடைக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

2017 வரை அந்தப் படம் ஆணையத்துக்குப் போனது. 2022 ஆகஸ்ட் 9 தேர்தலில் அது எல்லோருக்கும் போனது. அதுதான் மாற்றம். ஆணையம் ஓர் இணையதளத்தைத் திறந்து, 46,229 சாவடிகளின் 34ஏ படங்களையும் வரவர ஏற்றியது. இரண்டே நாளில் பெரும்பாலும் முழுதும் வந்துவிட்டது. எந்த ஊர்க்காரரும் தன் சாவடியின் படத்தைத் திறந்து, கதவில் ஒட்டியதோடு ஒப்பிடலாம். தாளின் மடிப்பும் ரப்பர் முத்திரையும் கோணல் கையெழுத்தும் அப்படியே தெரியும். பாதுகாப்பான மென்பொருள், குறியாக்கம் என்று பல அடுக்கு தொழில்நுட்பம் உள்ளே இருந்தது உண்மைதான். ஆனாலும் நம்பிக்கையைக் கொடுத்தது ஒரு புகைப்படமும் எவரும் திறக்கக்கூடிய ஒரு பக்கமும். சர்வருக்குள் நுழைந்து மொத்தத்தை மாற்றினால் என்ன ஆகும்? நாற்பத்தாறாயிரம் கதவுகளும் லட்சக்கணக்கான முகவர் படிகளும் எதிராக நிற்கும்.

ஆகஸ்ட் 15 அன்று ஆணையத் தலைவர் வஃபுலா செபுகாட்டி, வில்லியம் ரூட்டோவுக்கு 50.49 சதவீதம், ஓடிங்காவுக்கு 48.85 சதவீதம் என்று அறிவித்தார். ஏழு ஆணையர்களில் நான்கு பேர் இந்த முடிவை ஏற்க மறுத்தார்கள். 2007-ஐ நேரில் கண்ட எவருக்கும் அந்த மாலை வயிற்றைக் கலக்கியிருக்கும். மறுநாள் அந்த நால்வர் ஒரு காரணம் சொன்னார்கள்: நான்கு வேட்பாளர்களின் சதவீதத்தையும் கூட்டினால் 100.01 வருகிறது, கூடுதலான 0.01 சதவீதம் 1,42,000 ஓட்டு. கையில் கால்குலேட்டர் இருந்தவர்கள் போட்டுப் பார்த்தார்கள். பதிவான செல்லத்தக்க ஓட்டு சுமார் 1.42 கோடி, அதில் 0.01 சதவீதம் என்பது 1,421 மட்டுமே. அந்த 0.01-உம் தசமத்தை இரண்டு இடத்துக்குச் சுருக்கியதால் வந்தது. பதினைந்து ஆண்டுக்கு முன் ஊர்களை எரித்த அதே சண்டை, இப்போது யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய ஒரு பள்ளிக் கணக்காகிவிட்டது.

கிசுமுவிலும் நைரோபியின் கிபேராவிலும் அன்றிரவு டயர்கள் எரிந்தன. அத்தோடு அடங்கியது. அமைதிக்கு இணையதளம் மட்டும் காரணம் என்று சொல்ல மாட்டேன். 2007-இல் மோதிக்கொண்ட சமூகங்களின் அரசியல் கூட்டணிகளும் மாறியிருந்தன. ஆனால் ஓடிங்காவின் ஆதரவாளர்களுக்குத் தெருவைவிட நல்ல வழி ஒன்று இருந்தது: வழக்கு. உச்ச நீதிமன்றம் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, தேர்ந்தெடுத்த சாவடிகளில் மூலப் படிவத்தையும் இணையத்தில் இருந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. செப்டம்பர் 5 அன்று ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. உடன்பாடில்லை, ஆனால் தீர்ப்பை மதிக்கிறேன் என்றார் ஓடிங்கா.

எல்லா நாட்டிலும் இது பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 ஜூலையில் வெனிசுவேலாவில் எதிர்க்கட்சித் தொண்டர்கள் சாவடி சாவடியாக முடிவுத்தாள்களைத் திரட்டினார்கள். இயந்திரம் அச்சிட்டு, கியூஆர் குறியோடு தரும் தாள்கள். எண்பது சதவீதத்துக்கும் மேற்பட்டவற்றை இணையத்தில் ஏற்றினார்கள். அவற்றின்படி அவர்களுடைய வேட்பாளருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு. அரசு சாவடிக் கணக்கு எதையும் வெளியிடாமலே அன்றைய அதிபர் மதுரோ வென்றதாக அறிவித்துப் பதவியேற்கவும் வைத்தது. ஆதாரத்தைக் கேட்க ஒரு நீதிமன்றம் இல்லாத இடத்தில் ஆதாரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

கென்யாவிலும் ஒரு வேலை பாக்கி. 2022-இல் படங்கள் வெளிவந்ததும் தொலைக்காட்சி நிறுவனங்கள் ஆட்களை உட்காரவைத்து எண்களைத் தட்டச்சு செய்யத் தொடங்கின. ஒவ்வொன்றும் வேறு வேறு வரிசையில் படிவங்களை எடுத்ததால், ஒரு சேனலில் ரூட்டோ முன்னிலை, இன்னொன்றில் ஓடிங்கா. மக்கள் குழம்பினார்கள், பாதியிலேயே சேனல்கள் கூட்டுவதை நிறுத்திவிட்டன. அறிவிப்பு வரும்வரை நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. கையால் எழுதிய எண்களைப் படிக்கக் கணினிக்கு 1989-லேயே பெல் ஆய்வகத்தில் யான் லெகூன் குழுவினர் கற்றுக்கொடுத்துவிட்டார்கள், அமெரிக்க அஞ்சல் குறியீட்டு எண்களை வைத்து. நாற்பத்தாறாயிரம் படிவங்களை ஒரே இரவில் படித்து, சந்தேகமானவற்றை மட்டும் மனிதக் கண்ணுக்கு ஒதுக்கும் நிரல் இன்று கல்லூரி மாணவர்களால் எழுத முடிகிற ஒன்று. அடுத்த தேர்தல் 2027 ஆகஸ்டில். படங்கள் அன்றிரவே எல்லோருக்கும் திறக்குமா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.